சீருடை இல்லாத வேலை

பர்மிங்ஹாம்
ஆகஸ்ட், 1948

அன்பு மகள் வெர்லீனுக்கு,

அப்பா எழுதுவது. ஆண்டவர் கிருபையால் நானும் அம்மாவும் சுகம், சிகாகோவில் நீயும் மருமகனும் அப்படியே இருக்க வேண்டிக்கொள்கிறோம். அம்மாவுக்கு முட்டி வலி குறைந்திருக்கிறது, எனக்குத் தோள்தான், வலது கையைத் தூக்கித் தலை சீவ முடியவில்லை, ஆனால் பந்து எறியச் சொன்னால் எப்படியோ உயர்ந்துவிடுகிறது.

போன ஞாயிறு வெள்ளைக்காரர் அணியிலிருந்து ஒருவர் எங்கள் பேஸ்பால் ஆட்டம் பார்க்க வந்திருந்தார். இருபது வருடமாகக் கறுப்பர்களான நம்மவர் அணிகளுக்கு எறிந்து, பஸ்ஸிலேயே தூங்கி, ஹோட்டல் பின்வாசலில் வாங்கித் தின்ற எனக்கு, இந்த ஒரு நாளுக்காகத்தான் இத்தனையும் என்று தோன்றிவிட்டது. கடைசி வரை நானே எறிந்தேன், எதிரணி ஒரு ஓட்டம்கூட எடுக்கவில்லை. முடிந்ததும் அவர் வந்து கை கொடுத்து, "இந்த வருஷம் இப்படி எறிஞ்சு நான் யாரையும் பாக்கல ஹோசியா, பத்து வருஷம் முன்னாடி உன்னப் பாத்திருக்கணும்" என்றார். பத்து வருடம் முன்பும் இதே மைதானத்தில்தான் இருந்தேன் என்று வாய் வரை வந்தது. அவர் தங்கள் அணிக்கு எடுத்துக்கொண்டது என்னை அல்ல, என் பந்துகளைப் பிடிக்கும் கிளியோஃபஸை.

அதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. அந்த அணியில் அவன் ஒருவன்தான் கறுப்பனாம், அவனோடு அறையில் தங்க, துணைக்குப் போய்வர ஆள் வேண்டுமாம், என்னை வரச் சொல்கிறார். சம்பளம் உண்டு, ஆட்டமும் சீருடையும் கிடையாது. எங்கள் அணி முதலாளியிடம் சொன்னேன், "போறதுன்னா போ, திரும்பி வந்து என் வாசல்ல நிக்காத" என்றுவிட்டார். அவரையும் குறை சொல்வதற்கில்லை, நம் ஜனமெல்லாம் இப்போது நம்மவர் சிலர் சேர்ந்துவிட்ட அந்த வெள்ளைக்காரர் ஆட்டங்களை ரேடியோவில் கேட்கிறார்கள், இங்கே பாதி பெஞ்சு காலி. உன் அம்மாவோ, "அங்க போனா மூட்டை தூக்கணும், இங்க இருந்தா கை விழுந்துடும், ஏதாவது ஒண்ணச் செய்யுங்க, அடைச்ச கோழி மாதிரி வீட்டுக்குள்ளயே சுத்தாதீங்க" என்கிறாள். நீ எழுதிய இறைச்சித் தொழிற்சாலை வேலையையும் யோசித்தேன் மகளே, இந்தக் கையில் கத்தியை நினைத்துப் பார்க்க முடியவில்லை.

நேற்று கிளியோஃபஸே வந்தான். எவன் மட்டையோடு வந்து நின்றாலும் அசராதவன், தொப்பியைக் கசக்கிக்கொண்டு, "அண்ணே, அங்க எங்கிட்ட பேசக்கூட ஆள் இருக்காதுண்ணே" என்றான். வருகிறேன் என்று சொல்லிவிட்டேன். செவ்வாய்க்கிழமை ரயில். ஆட்டம் பார்க்க வந்த அந்த மனிதரிடம் ஒன்றே ஒன்று கேட்டேன், ஜனங்களை மைதானத்துக்குள் விடுவதற்கு முன்னால், பயிற்சியிலாவது அவனுக்கு நான் எறியலாமா என்று. "கேட்டுச் சொல்றேன்" என்றார். இன்னும் சொல்லவில்லை.

குளிர் வருமுன் கோட்டுக்குப் பட்டன் தைத்துக்கொள், மருமகனை வேளைக்குச் சாப்பிடச் சொல். ஆண்டவர் உங்கள் இருவரையும் தம் கையில் வைத்துக் காப்பாராக. அப்பா என்ன செய்கிறார் என்று சர்ச்சில் யாராவது கேட்டால், பந்து எறிபவர் என்றே சொல்.

என்றும் உன் நினைவாக,
அப்பா
ஹோசியா பெட்வே