ஐம்பது நிமிட தூரம்

மார்ச் 3

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கே நாங்கள் மூவரும் நலம். ஆமாம், இப்போது மூவர். பாப்பாவுக்குக் கன்னத்தில் அப்படியே உன் குழி.

ஆனாலும் உன்மேல் கோபம்தான். என் மனைவி தாயில்லாத பெண், பிரசவத்துக்கு உன்னைத்தான் நம்பியிருந்தாள். உங்கள் மலையூரிலிருந்து எங்கள் தீவுக்கு இருநூற்றெழுபது கிலோமீட்டர். ரோடும் கப்பலும் என்றால் மூன்று நாள், குட்டி விமானத்தில் ஐம்பதே நிமிடம். டிக்கெட்டும் அனுப்பினேன். விமானத்திலிருந்து இறங்கிய ஒவ்வொரு முகமாகப் பார்த்தேன். நீ இல்லை. "காய்ச்சல்" என்று ஒரு வரிச் செய்தி. தூக்கி வளர்த்த தம்பிக்கு அவ்வளவுதானா?

உன் தம்பி

மார்ச் 11

என் தங்கத்துக்கு,

பாப்பாவுக்கு ஆயிரம் முத்தம். காய்ச்சல் எல்லாம் இல்லைடா. விமான நிலையம் வரை வந்தேன். பெட்டியைத்தான் எடை போடுவார்கள் என்று நினைத்தேன், ஆளையும் தராசில் ஏறச் சொன்னார்கள். எனக்குப் பின்னால் எங்கள் ஆஸ்பத்திரிப் பெரிய டாக்டர். அவர் கோட்டைத் துவைப்பதே நான்தான். தராசுக்காரன், "நூத்திப் பன்னெண்டு!"ன்னு கத்தினான். "அம்மா, நீங்க ஏறணும்னா ரெண்டு பேர் இறங்கணுமே!"

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். அதை நினைத்தால்தான் இன்னமும் உடம்பு கூசுகிறது. வயிறு சரியில்லை என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன். உன் பெண்டாட்டியிடம் இதைச் சொல்லாதே.

அக்கா

மார்ச் 19

அக்கா,

நான் விமான நிலையத்தில் டிக்கெட் கிழிக்கிறேன் என்றுதான் உனக்குத் தெரியும். இங்கே தராசும் என் பொறுப்புதான். ஓடுபாதை சின்னது, எடை பார்க்காமல் முடியாது. ஆனால் எடையைக் கத்தும்படி யாரும் சொல்லவில்லை.

உன் கடிதம் வந்த மறுநாள், கனத்த உடம்புக்கார அம்மா ஒருவர் தராசில் ஏறினார். வாயைத் திறந்தவன் அப்படியே நின்றுவிட்டேன். மூட்டை ஏற்றுகிற பையன், "என்னண்ணே, ஓடுபாதை தாங்குமான்னு கேக்கலையா?" என்றான். அது நான் தினமும் அடிக்கும் ஜோக். அந்த அம்மா ஏறுமுன் செருப்பைக் கழற்றி வைத்திருந்தார். கொஞ்சமாவது குறையட்டும் என்றுதானே? இத்தனை வருஷத்தில் எத்தனை பேர் கழற்றினார்களோ, நான் பார்த்ததே இல்லை. எடையைச் சத்தமில்லாமல் எழுதிக்கொண்டேன். அவர் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

உன்னை வா என்று கூப்பிட வாய் வரவில்லை.

தம்பி

மார்ச் 30

தம்பிக்கு,

உன் கடிதத்தைப் படித்துவிட்டு இரண்டு நாள் உன்மேல் வெறுப்பாக இருந்தது. பொய் சொல்லக் கூடாது. அப்புறம், பாப்பா கன்னத்துக் குழியைப் பார்க்காமல் இருக்க முடியாது என்று தோன்றியது.

லீவு போட்டுவிட்டேன். கப்பலில் வருகிறேன், சனிக்கிழமை துறைமுகத்தில் இறங்குவேன். பெட்டி கனம்தான். ஆனாலும் தூக்குவதற்கு உன்னோடு வேலை செய்கிறவர்கள் யாரையும் கூட்டி வராதே. நீ மட்டும் வா.

அக்கா