காலில் பட்ட கம்பு

பவிக்குட்டி,

நேற்று கொழும்பில் போட்டி முடிந்தது. தோற்றுவிட்டேன். சிரிக்காதே, உன்னிடம்தான் முதலில் சொல்கிறேன்.

பாட்டுக்கு ஏற்றபடி கம்பைச் சுழற்றி, மேலே எறிந்து, கரணம் போட்டுப் பிடிக்கும் நம்ம ஃப்ரீஸ்டைல் போட்டிதான். போன வருஷம் நீயும் நானும் சோடியாக இறங்கினோம். நடு ஆட்டத்தில் உன் கம்பு உன் காலிலேயே பட்டது. புத்தகம் காலில் பட்டால் செய்வோமே, அதுபோல நீ குனிந்து அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டாய். அந்த நேரத்தில் நான் எறிந்த கம்பு, பிடிக்க ஆளில்லாமல் தரையில் விழுந்தது. பதக்கம் போயிற்று.

நம்ம யட்டியாந்தோட்டை வரும்வரை பஸ்ஸில் உன்னைத் திட்டினேன். "கம்பு என்னாடி, சாமியா?" என்று கேட்டேன். "கை தன்னால போயிருச்சுக்கா" என்றாய். அதோடு உன்னிடம் பேசுவதை விட்டுவிட்டேன். நாலாம் நாள் உனக்குக் காய்ச்சல் வந்தது. அப்போதும் வீம்பாகவே இருந்தேன். டெங்கு என்று தெரிந்து நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது நீ கண் திறக்கவில்லை; அப்புறமும் திறக்கவேயில்லை. இரண்டு வார்த்தை பேசியிருந்தால் எனக்கு என்ன குறைந்துபோயிருக்கும்?

அம்மா இன்னும் ரப்பர் பால் வெட்டத்தான் போகிறாள். சைக்கிள் டியூப் சுற்றிய உன் கம்பைச் சாமிப் படத்துக்குப் பக்கத்தில் சாத்தி வைத்திருந்தாள். போன வாரம், "எடுத்துக்கிட்டுப் போ, சும்மாதான கெடக்கு" என்றாள். என் முகத்தைப் பார்க்காமல்தான் சொன்னாள்.

நேற்று அந்தக் கம்போடு தனியாக இறங்கினேன். நன்றாகத்தான் போனது. கடைசிக் கரணத்துக்கு முன்னால் அதன் நுனி என் பாதத்தில் பட்டது. குனிந்துவிட்டேன், பவி. கண்ணில் ஒற்றிய கையை எடுக்க முடியவில்லை. பாட்டு முடிந்தும் அப்படியே நின்றேன். நடுவராக இருந்த சிங்களப் பெண் ஓடிவந்து, "மொகத நங்கி, ரிதுனத?" என்றார். "என்ன தங்கச்சி, வலிக்குதா?" என்று அவர் சிங்களத்தில் கேட்டதும் உடைந்து அழுதேன். காலில் ஒன்றுமில்லை என்று அவருக்கு எப்படிச் சொல்வேன்?

கை தன்னால்தான் போகிறது. உன்னை நான் நம்பியிருக்க வேண்டும்.

அடுத்த வருஷமும் இறங்குவேன். புள்ளி வெட்டினால் வெட்டட்டும், கம்பு காலில் பட்டால் தொட்டுக் கும்பிட்டுவிட்டுத்தான் மிச்சத்தை ஆடுவேன். திரும்பி வரும்போது பஸ்ஸில் உன் கம்பை ஜன்னல் பக்கத்து சீட்டில் வைத்துக்கொள்வேன். நேற்றும் அப்படித்தான் வந்தேன். வீடு வரும்வரை அதோடு பேசிக்கொண்டே வந்தேன்.

இனி உன்னோடு பேசாமல் இருக்கவே மாட்டாத,
உன் அக்கா