மேஜை டிராயரில் உன் பாஸ்போர்ட்

ஜுபைல், சவூதி அரேபியா,
பிப்ரவரி 2009

அன்பு மகள் ஜெஸ்மிக்கு,

கர்த்தர் கிருபையால் நானும் அம்மாவும் சுகமாக இருக்கிறோம், அந்த அமெரிக்கப் பனிக்குள் உன்னையும் அவர் சுகமாகக் காப்பார் என்று நம்பி இதை எழுதுகிறேன். போனில் பேசினால் "சரிப்பா, சரிப்பா" என்று வைத்துவிடுகிறாய், கடிதத்தை அப்படி வைக்க முடியாது பார், அதனால் கையால் எழுதி ஆபீஸில் ஸ்கேன் செய்து மெயிலில் அனுப்புகிறேன். அம்மாவுக்கு இந்த வாரம் கிளினிக்கில் நைட் டியூட்டி, ஒரே இருமல்காரர்கள் கூட்டமாம். எங்கள் பிளாண்டில் ஆள் குறைப்பு என்று ஒரு பேச்சு ஓடுகிறது. இங்கேயும் காற்று குளிரத்தான் செய்கிறது, ஆனால் நனைந்த ஷூவுக்குள் பேப்பரைத் திணித்துக் காயவைத்து, மறுநாள் அதையே போட்டுக்கொண்டு இன்டர்வியூவுக்குப் போகிற குளிரை நான் பார்த்ததில்லை. முதலில் நல்ல பூட்ஸ் வாங்கு. படித்து முடித்து வருகிற பிள்ளைகளுக்கான வேலைக்கே மூன்று வருட அனுபவம் கேட்கிறார்கள் என்றாயே, அதை அம்மா வயிற்றிலிருந்தா கொண்டுவர முடியும்? நினைத்தாலே ஆத்திரமாக வருகிறது.

விஷயத்துக்கு வருகிறேன். ஒரு கன்சல்டன்சியில் சேர்ந்துவிட்டேன், வேலையை அவர்களே பிடித்துத் தருவார்கள், பாஸ்போர்ட்டை வாங்கி மேஜை டிராயரில் வைத்துக்கொண்டார்கள் என்று போன மாதம் நீ சொன்னபோது நாங்கள் என்ன செய்தோம் தெரியுமா? சந்தோஷப்பட்டோம். "பாஸ்போர்ட்ட வாங்கியாச்சுல்லா, இனி வேல உறுதிதான்" என்று அம்மா கேசரி கிண்டி பக்கத்து பிளாட்டுக்கெல்லாம் கொடுத்தாள். இங்கே அப்படித்தானே, ஆளை எடுத்தால் பாஸ்போர்ட் கம்பெனி அலமாரிக்குப் போகும், நம் பையில் இங்கே தங்குவதற்கான இக்காமா அட்டை மட்டும் இருக்கும். அதைப் பார்த்தே வளர்ந்தவள் நீ, கன்சல்டன்சிக்காரன் கேட்டதும் நீட்டிவிட்டாய். என்னோடு ஷிப்டில் இருக்கிற கௌஸ் முகம்மதுவின் தம்பி அமெரிக்காவில்தான் இருக்கிறான். நான் பெருமையாகச் சொன்னதும் கௌஸ் டீயைக் கீழே வைத்துவிட்டான். "அங்க அதெல்லாம் மாஃபி, கெடையவே கெடையாது அண்ணே, வேலை குடுக்கிறவன் பாஸ்போர்ட்ட புடிச்சு வைக்கவே கூடாது, ஒடனே திருப்பி வாங்கச் சொல்லுங்க" என்றான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

போன வெள்ளிக்கிழமை நீ சொன்னது அதைவிடக் கொடுமை. ஆஸ்பத்திரி கம்ப்யூட்டர் பிரிவில் உன்னை எடுத்துவிட்டார்கள், வருகிற வியாழக்கிழமை அசல் பாஸ்போர்ட்டோடு வந்து சேரச் சொல்கிறார்கள், இது தான் பிடித்துத் தந்த வேலை இல்லையே என்று கன்சல்டன்சிக்காரன் பாஸ்போர்ட்டைக் கொடுக்க மாட்டேன் என்கிறான், போகட்டும், வேறு பார்த்துக்கொள்ளலாம், மறுபடி அவரிடம் கேட்கப் பயமாக இருக்கிறது என்றாய். எத்தனை மாதம் அலைந்து கிடைத்த வேலை மக்களே, அதையா போகட்டும் என்பது? நான் சத்தம் போட்டேன். "நீங்க என்னைக்காவது உங்க கம்பெனில கேட்டிருக்கீங்களாப்பா?" என்று கேட்டு நீ போனை வைத்துவிட்டாய். கேட்டதில்லை. உன் சித்தப்பா கடலில் இறந்துபோன அன்றுகூட ஆபீஸ் வாசலில் நின்றேனே தவிர வாய் திறந்து கேட்கவில்லை, அவர்களாகக் கொடுத்து நான் ஊர் போய்ச் சேர்ந்தபோது அடக்கம் முடிந்திருந்தது.

நேற்று டியூட்டி முடிந்து ஆபீசுக்குப் போய் என் பாஸ்போர்ட்டைக் கேட்டேன். கிளார்க் மீராசா, "லீவாண்ணே?" என்றான். இல்லை என்றேன். "ஊர்ல யாருக்கும் எதுவுமா?" என்றான். இல்லை. பின்னே எதற்கு என்றான். என்னுடையது, அதனால் என்றேன். மேனேஜர் மக்தூம் வரை போயிற்று. அவர் என்னை மேலும் கீழும் பார்த்தார், ஒரு பேப்பரில் கையெழுத்து வாங்கிக்கொண்டு, கலாஸ், முடிந்தது, எடுத்துப் போ என்றார். ஆள் குறைக்கிற நேரத்தில் இது தேவையா, முதல் பெயர் உங்களுடையதாகத்தான் இருக்கும் என்று அம்மா ஒரே அழுகை. இருக்கலாம். அப்படி இருக்காது என்று என்னாலும் சொல்ல முடியவில்லை. ஆனால் கேட்டே பழகாதவன் மகளிடம் போய்க் கேள் என்று சொன்னால் அவள் எப்படிக் கேட்பாள்?

நீ தனியாகப் போகாதே. முதலில் காலேஜில் வெளிநாட்டு மாணவர்களுக்கான ஆபீசில் போய் நடந்ததைச் சொல். கௌஸின் தம்பி நம்பரை மெயிலில் எழுதியிருக்கிறேன், அவன் உன் கூட வருகிறேன் என்றிருக்கிறான். சண்டை வேண்டாம், என் பாஸ்போர்ட்டைக் கொடுங்கள் என்று மட்டும் சொல்லி நில்.

கர்த்தர் உன் கூடவே நடப்பார். அம்மாவின் முத்தங்கள். வியாழக்கிழமையை மறந்துவிடாதே. அந்தக் கன்சல்டன்சிக்காரன் மேஜைக்கு முன்னால் நிற்கும்போது கை நடுங்கும் மக்களே. எனக்கும் நடுங்கியது. நடுங்கிக்கொண்டே கேள்.

பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு எழுதும் உன் அப்பா,
வில்பிரட்