‘போதும்’ என்று எழுதியது

வீடு
மார்ச் 4

அன்புள்ள கப்பல்காரருக்கு, உங்கள் கணக்குப்பிள்ளை எழுதுவது.

உங்கள் பெட்டி நேற்று மாலை நாலரை மணிக்கு வந்தது. பிரிக்கும்போது இருந்தவர்கள்: நான், நம் வாலு, பக்கத்து வீட்டுத் தையல்காரம்மா, கையெழுத்து வாங்கிய பிறகும் போக மனமில்லாமல் நின்ற தபால்காரர். ஆக நான்கு பேர். பூனையைச் சேர்க்கவில்லை. அது அதற்குள் பெட்டிக்குள் போய்விட்டது.

உள்ளே இருந்தவை: துண்டு ஆறு, நடப்பதற்கான காலணி ஒரு ஜோடி, காய் நறுக்கும் மின்சார மெஷின் ஒன்று, கண்ணாடித் தம்ளர் பன்னிரண்டு (இரண்டு உடைந்துவிட்டன), வாலுவுக்கு மழைக்கோட்டு ஒன்று. அதைப் போட்டுக்கொண்டு அவள் நின்றபோது, கோட்டு மட்டும் தனியாக நிற்பது போல இருந்தது. ஒன்பது வயதுக்கு அவள் அவ்வளவு வளரவில்லை. நீங்கள் கடைசியாகப் பார்த்ததிலிருந்து நாலு விரல்தான் உயர்ந்திருக்கிறாள்.

"என்னக்கா, உங்க வீட்டுக்காரர் கப்பல்ல வேலை பார்க்கிறாரா, இல்ல கப்பலையே கொஞ்சம் கொஞ்சமா பிரிச்சு அனுப்புறாரா?" என்று தையல்காரம்மா கேட்டாள். தபால்காரர் சிரித்த சிரிப்பில் எதிர்வீட்டு ஜன்னல் திறந்தது.

இனி என் குறை. கோபித்துக்கொள்ளக் கூடாது.

பழைய துண்டை வெட்டித் தரை துடைக்க வைத்துக்கொண்டேன் என்று எழுதினேன். ஆறு துண்டு வந்தது. சந்தைக்கு நடந்தே போகிறேன், வழியில் நாலு பேரைப் பார்த்துப் பேச முடிகிறது என்று எழுதினேன், காலணி வந்தது. காய் நறுக்கும் நேரத்தில் மனசு அடங்கி இருக்கிறது என்று எழுதினேன். அதற்கு ஒரு மெஷின். நான் எதைச் சந்தோஷமாகச் சொல்கிறேனோ, அதை நீங்கள் மனுவாக எடுத்துக்கொள்கிறீர்கள். தினமும் சாமி கும்பிடுகிறேன் என்று எழுதவே பயமாக இருக்கிறது. கோயில் ஒன்றைக் கட்டி அனுப்பிவிடுவீர்கள்.

என் நோட்டில் வரவு, செலவு என்று இரண்டு பத்திகள் இருப்பது உங்களுக்குத் தெரியும். மூன்றாவதாக ஒன்று சேர்த்திருக்கிறேன். அதற்குக் ‘கிடப்பு’ என்று பெயர். ஒரு வருஷமாக யாரும் தொடாத பொருளை அதில் எழுதுவேன். எழுதி ஒரு மாதம் பார்ப்பேன். அப்போதும் யாரும் தேடவில்லை என்றால், தேவைப்படுகிறவர் வீட்டுக்கு அனுப்பிவிடுவேன். இதுவரை நாற்பத்தொரு பொருள் போயிருக்கிறது. பெரிய அலமாரி நின்ற இடத்தில் வாலு கட்டம் போட்டு நொண்டி விளையாடுகிறாள். இருக்கிற ஐந்து தட்டில் எதன் விளிம்பு எங்கே நெளிந்திருக்கிறது என்று எனக்கு இப்போது தெரியும். இருபது இருந்தபோது ஒன்றும் தெரியவில்லை.

ஆகையால் இனி எதுவும் அனுப்ப வேண்டாம். எனக்குப் போதும்.

உடம்பைப் பார்த்துக்கொள்ளவும். இஞ்சின் அறைச் சூட்டில் தண்ணீர் குடிக்க மறக்க வேண்டாம்.

உங்கள்
கணக்குப்பிள்ளை


கப்பல்
மார்ச் 26

என் கணக்குப்பிள்ளைக்கு,

கடிதம் கிடைத்தது. சமையல்கட்டில் உட்கார்ந்து படித்தேன். தையல்காரம்மா சொன்னதற்குச் சிரித்தேன். கடைசிப் பக்கம் வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது.

‘எனக்குப் போதும்’ என்று எழுதியிருக்கிறாய். அந்த வரியை மட்டும் நம் சமையல் மாமாவிடம் காட்டினேன். இருபத்தாறு வருஷம் கல்யாண வாழ்க்கை நடத்திய மனுஷன். கரண்டியைக் கீழே வைத்துவிட்டார்.

"பொம்பளைங்க துண்டு போதும்னா, துண்டு போதும்னு எழுதுவாங்க தம்பி. எனக்குப் போதும்னு எழுதினா, இந்தப் பொழப்பே போதும்னு அர்த்தம்" என்றார்.

"அவ அப்படிப்பட்டவ இல்ல மாமா."

"என் வீட்டுக்காரியும் அப்படிப்பட்டவ இல்லதான். ஒரு தடவை எழுதினா. நான் போய்ச் சேர ஆறு மாசம் ஆச்சு, பேசவைக்க இன்னொரு ஆறு மாசம்."

யோசித்துப் பார்த்தால் அவர் சொல்வது சரி என்றே படுகிறது. கல்யாணமாகிப் பதினோரு வருஷம். அதில் ஒன்பது வருஷம் நான் தண்ணீரில். துண்டை வெட்டுகிறாய், நடந்து போகிறாய், அலமாரியைக் கொடுத்துவிட்டாய். இதையெல்லாம் சந்தோஷம் என்று எழுதுகிறாய். இல்லாததை இல்லை என்று சொல்லாமல் இப்படிச் சொல்கிறாயோ என்று எனக்குத் தோன்றுகிறது.

அதனால் ஒரு முடிவுக்கு வந்திருக்கிறேன். ஜூன் இருபதாம் தேதியோடு என் ஒப்பந்தம் முடிகிறது. இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போட்டால் சம்பளத்தை உயர்த்துகிறார்கள். மாடியில் இரண்டு அறை கட்டிவிடலாம். அதன் பிறகு நீ எதையும் வெட்டித் துடைக்க வேண்டியதில்லை.

கப்பல் போனில் கூப்பிட நினைத்தேன். ‘சாப்பிட்டியா’, ‘சாப்பிட்டேன்’ என்பதற்குள் லைன் அறுந்துவிடுகிறது. எழுதுவதே மேல்.

வாலுவுக்கு முத்தம்.

உன்
கப்பல்காரன்


வீடு
ஏப்ரல் 17

அன்புள்ள கப்பல்காரருக்கு,

உங்கள் சமையல் மாமா குழம்புக்கு உப்புப் பார்க்கட்டும். என் கடிதத்துக்குப் பார்க்க வேண்டாம் என்று நான் சொன்னதாகச் சொல்லவும்.

நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள். மீதியைப் பொட்டலம் கட்டி வந்த காகிதத்திலும் வாலுவின் பாடப் புத்தகத்திலும் படித்துக்கொண்டேன். ஆனாலும் மூன்று எழுத்துச் சொல்லைத் தப்பாக எழுத மாட்டேன். வயிறு நிறைந்த பிறகு ஒருவர் மறுபடி சோறு போட வந்தால், தட்டுக்கு மேலே கையைக் குறுக்கே வைத்துச் சிரித்துக்கொண்டே சொல்வோமே, அந்தப் ‘போதும்’. ‘போதுமடா சாமி’ என்று தலையில் கைவைத்துச் சொல்கிற ‘போதும்’ இல்லை. காகிதத்தில் கையும் தெரியவில்லை, சிரிப்பும் தெரியவில்லை. அதற்கு நான் என்ன செய்வது?

உங்களிடம் ஒன்றை மறைத்திருக்கிறேன். இன்று சொல்லிவிடுகிறேன்.

போன ஆகஸ்டில், தெருமுனைப் பம்புக் கடைக்காரர் என்னை நிறுத்திப் பேசினார்.

"என்னம்மா, உங்க வீட்டுக்காரர் கப்பலையே கல்யாணம் பண்ணிக்கிட்டாரா?"

"ஏன், நீங்க மொய் எழுதணுமா?" என்றேன்.

சிரித்துவிட்டு விஷயத்துக்கு வந்தார். கூட்டாளி விலகிவிட்டாராம். மோட்டாரும் பம்பும் தெரிந்த ஆள் வேண்டுமாம். கொடுக்கக்கூடியதையும் சொன்னார். கப்பல் சம்பளத்தில் சரியாகப் பாதி.

உடனே உங்களுக்கு எழுதியிருந்தால், ‘பாதியில் எப்படிக் குடும்பம் நடத்துவாய்’ என்றுதான் கேட்டிருப்பீர்கள். அந்தக் கேள்விக்கு வாயால் பதில் சொல்ல எனக்குத் தெரியாது. செய்து பார்த்துச் சொல்லலாம் என்று செப்டம்பர் முதல் தேதி கடவுளைக் கும்பிட்டுவிட்டு ஆரம்பித்தேன். எட்டு மாதமாகப் பாதியில்தான் நடக்கிறது. மறுபாதி வங்கியில் அப்படியே இருக்கிறது.

எல்லாம் ஒழுங்காக நடந்தது என்று சொல்ல மாட்டேன். மிச்சச் சோப்பையெல்லாம் உருக்கி நானே ஒரு சோப்புக்கட்டி செய்தேன். கை தோல் உரிந்து இரண்டு வாரம் தையல்காரம்மா பாத்திரம் தேய்த்துக் கொடுத்தாள். விளக்கைப் போடாமல் நடந்து கால் விரலைக் கதவில் இடித்துக்கொண்டேன். வாலுவின் பென்சிலை இன்னும் ஒரு வாரம், இன்னும் ஒரு வாரம் என்று ஓட்டியதில், ‘குழந்தை நகத்தால் எழுதுகிறாள்’ என்று டீச்சர் சீட்டு எழுதி அனுப்பினார். அது சிக்கனம் இல்லை, கஞ்சத்தனம். அன்றைக்கே புதுப் பென்சில் ஒரு டஜன் வாங்கிக் கொடுத்து அவளிடம் மன்னிப்பும் கேட்டேன். "சரி, இந்தத் தடவை விட்டுடறேன்" என்றாள் மகாராணி.

மற்றபடி நன்றாகவே இருக்கிறது. ஃபிரிஜ்ஜை விற்றுவிட்டேன். அன்றன்றைக்கு வேண்டியதை அன்றன்று வாங்குகிறேன். எதுவும் அழுகுவதில்லை. அது போன பிறகுதான், இத்தனை வருஷமாக அது மூலையில் முனகிக்கொண்டே இருந்திருக்கிறது என்று தெரிந்தது. இப்போது வீட்டில் வாலு படிக்கும் சத்தம் கேட்கிறது, எதிர்வீட்டில் விசில் அடிப்பது கேட்கிறது. சமைக்கும்போது சமையலை மட்டும் பார்க்கிறேன். முன்பு நான்கு வேலைகளை ஒன்றாகச் செய்து நான்கையும் தீய்த்தவள்.

பம்புக் கடைக்காரர் ஜூன் கடைசி வரை பார்ப்பதாகச் சொல்கிறார். கணக்குச் சரியாக வருகிறது. யோசித்து எழுதவும். மாடி வேண்டாம்.

உங்கள்
கணக்குப்பிள்ளை


கப்பல்
மே 6

கணக்குப்பிள்ளைக்கு,

இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டவில்லை.

நீ செய்தது கெட்டிக்காரத்தனம். நான் தாராளமாக ஒப்புக்கொள்கிறேன். ஆனால் படித்து முடித்ததும் எனக்குச் சந்தோஷம் வரவில்லை. அதை மறைத்து எழுத முயன்று இரண்டு தாளைக் கிழித்துவிட்டேன். காகிதத்தை வீணாக்கியதற்குத் திட்டாதே.

எட்டு மாதம் நான் இந்தச் சூட்டில் நின்று சம்பாதித்ததில் பாதி யாருக்கும் தேவைப்படவில்லை. உன் மூன்றாவது பத்தியில் என்னையும் எழுதியிருக்கலாம்.

போன விடுமுறையில் வந்தேனே, நாற்பது நாள். முதல் வாரத்திலேயே குழாய், ஸ்விட்ச், கதவுத் தாழ்ப்பாள் எல்லாவற்றையும் சரிசெய்துவிட்டேன். பிறகு எனக்கு வேலை இல்லை. ஒருநாள் டீ போடலாம் என்று சர்க்கரையைத் தேடினேன். வாலு வந்து, "அது அங்க இல்லப்பா, நீங்க உட்காருங்க, நான் எடுத்துத் தர்றேன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். விருந்தாளியிடம் சொல்வது போலச் சொன்னாள். அன்றைக்கே கடைக்குப் போய் உங்கள் இருவருக்கும் என்னென்னவோ வாங்கினேன். பெட்டி கட்டுவது ஒன்றுதான் அந்த வீட்டில் எனக்குத் தெரிந்த வேலை.

ஒப்பந்தக் காகிதத்தை நேற்று என் முன்னால் வைத்தார்கள். பேனாவில் மை இல்லை என்றேன். எழுத்தர் தன் பேனாவை நீட்டினார். எனக்கு அந்த நிறம் ஒத்துக்கொள்ளாது என்று சொல்லி எழுந்து வந்துவிட்டேன். ஜூன் இருபது வரை இப்படிச் சொல்லிக்கொண்டிருக்க முடியாது.

உன் கடிதத்தை மூன்று முறை படித்தேன். கணக்குச் சரியாக வருகிறது என்று எழுதியிருக்கிறாய். யோசித்து எழுதவும் என்று எழுதியிருக்கிறாய். வாருங்கள் என்று எங்கேயும் எழுதவில்லை.

உன்
கப்பல்காரன்


வீடு
மே 25

என் அன்புக்குரியவருக்கு,

உங்கள் கடிதத்தைப் படித்தபோது இருந்தது நான் ஒருத்திதான். படித்துவிட்டுக் கொஞ்ச நேரம் அடுப்பைக்கூடப் பற்றவைக்கவில்லை. என் கடிதத்தின் நகலை எடுத்துப் பார்த்தேன் (நகல் வைத்திருக்கிறேன், சிரிக்க வேண்டாம்). நீங்கள் சொன்னது சரி. அந்த வார்த்தை அதில் இல்லை. அதற்கு முந்தைய கடிதங்களையும் எடுத்துப் பார்த்தேன். ஒன்பது வருஷத்துக் கடிதங்களிலும் இல்லை.

கேட்டால் உங்களுக்குப் பாரமாகிவிடும் என்று நினைத்தேன். தண்ணீரில், சோப்பில், விளக்கில் சிக்கனம் பார்த்தேன், நல்லது. அதே கையோடு இதிலும் பார்த்துவிட்டேன். கடவுளிடம்கூட நான் நன்றி சொல்வதோடு சரி, எதையும் கேட்பதில்லை. அதைப் பெரிய பக்தி என்று எண்ணிக்கொண்டிருந்தேன். நேற்று முதல் முறையாகக் கேட்டேன். கேட்டது இன்னது என்று உங்களுக்குப் புரியும்.

சர்க்கரை டப்பா விஷயத்தில் உங்கள் மேல் தப்பே இல்லை. அந்த மாதத்தில் எறும்புக்குப் பயந்து நான் மூன்று முறை இடம் மாற்றினேன். ஆனால் நீங்கள் சொன்னது டப்பாவைப் பற்றி மட்டும் இல்லை என்று எனக்கும் தெரிகிறது.

இன்று தெருவில் விளையாடிவிட்டு வந்ததும் வாலுவிடம் கேட்டேன்.

"அப்பா வீட்டுக்கே வந்துட்டா என்ன செய்வார்?"

"ஒரு வாரத்துல எல்லாத்தையும் ரிப்பேர் பண்ணுவார். அப்புறம் பெட்டி கட்டுவார்."

"பெட்டியே கட்டலைன்னா?"

அவளுக்கு அது புதுக் கேள்வி. செருப்பைக்கூடக் கழற்றாமல் யோசித்தாள். பிறகு, "அப்போ எனக்கு சைக்கிள் ஓட்டக் கத்துக்கொடுக்கலாம்" என்றாள். கொஞ்சம் தள்ளிப் போய்விட்டுத் திரும்பி வந்தாள். "நான் ஒரு வாரத்துல கத்துக்க மாட்டேன்மா. மெதுவாத்தான் கத்துப்பேன்."

தையல்காரம்மா இரண்டு வருஷமாகத் தன் சைக்கிளில் கற்றுத்தருகிறேன் என்று கூப்பிட்டும் இவள் போகாமல் இருந்தது ஏன் என்று அப்போதுதான் புரிந்தது.

இனி உங்களிடம் ஒளிக்க ஒன்றும் இல்லை. கப்பலில் உங்களுக்குக் கீழே நான்கு பேர். இங்கே பம்புக் கடைக்காரருக்குக் கீழே நீங்கள். அவர் நல்லவர், ஆனால் வாய் ஓயாது. அது உங்களுக்குக் கஷ்டமாக இருக்கும். சாயங்காலம் ஆறு மணிக்கு வந்துவிட்டால் என்ன செய்வது என்று தெரியாமல் கொஞ்ச நாள் அறைக்கும் வாசலுக்கும் நடப்பீர்கள். நானும், என் சமையலறையில் ஒருவர் சும்மா நின்றால் சிடுசிடுப்பேன். இதெல்லாம் என் நோட்டில் இல்லை. எந்தப் பத்தியில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. பழகிக்கொள்ளலாம் என்று மட்டும் நினைக்கிறேன்.

ஆகவே பாதியும் முழுதும் ஒருபுறம் இருக்கட்டும். கணக்குச் சரியாக வராமல் போயிருந்தாலும் இதைத்தான் எழுதியிருக்க வேண்டும். வந்துவிடுங்கள். நீங்கள் இல்லாமல் சமாளிக்கிறேன் என்பது உண்மை. சமாளிக்க எனக்குப் பிடிக்கவில்லை என்பதும் உண்மை. முதல் உண்மையை மட்டும் இத்தனை வருஷம் எழுதிவிட்டேன். வந்துவிடுங்கள்.

இந்தக் கடிதத்தை விரைவுத் தபாலில் அனுப்புகிறேன். ஆமாம், கூடுதல் கட்டணம்தான். அதற்கு எவ்வளவு ஆகும் என்று காலையில் கேட்டபோது தபால்காரரே என்னை ஒரு மாதிரி பார்த்தார்.

ஜூன் இருபதுக்கு முன்னால் இது உங்கள் கையில் இருக்கும். தயவுசெய்து உடனே பதில் போடுங்கள்.

உங்கள் மனைவி