முந்தானை சேரும் இடம்

பெரியவளுக்கு,

இங்கே அப்பா நலம், நான் நலம், சின்னவள் காதுவலியில் அழுது ஊரைக் கூட்டிவிட்டு இன்றுதான் ஒழுங்காகச் சாப்பிட்டாள். நீயும் நலமாகத்தான் இருக்கிறாய் என்று தெரிகிறது, உடம்பு சரியில்லாதவளுக்கு அவ்வளவு தெம்பாகக் கத்த வராது. உன் குரல் செய்தியை அப்பா சாப்பாட்டு மேஜையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டார். அவருக்கு எதையும் காதில் வைத்துக் கேட்கும் வழக்கம் கிடையாது, அது உனக்கும் தெரியும், தெரிந்துதான் அனுப்பினாயோ என்னவோ. ‘எங்கம்மா கல்யாணச் சேலை முந்தானைய எவ வெட்டுனான்னு உங்க பொண்டாட்டிகிட்ட கேளுங்கப்பா’ என்று நீ கேட்டதை நான் கேட்டேன், சின்னவள் கேட்டாள், குழாய் ரிப்பேர் பார்க்க வந்தவர் அடுப்படியில் குனிந்தபடியே கேட்டார். சின்னவள் வாயில் சோற்றை வைத்துக்கொண்டு ‘அக்கா யாரத் திட்டுது’ என்றாள். அக்கா யாரையும் திட்டவில்லை, அக்காவுக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, அதனால் அப்படிக் கேட்கிறது என்று சொல்லி வைத்தேன். உனக்காக நான் பொய் சொல்வது இது முதல் தடவை இல்லை. அப்பா தட்டைப் பார்த்துக்கொண்டே, ‘சின்னப் பொண்ணு, கோபத்துல பேசுது, விடு’ என்றார். இருபத்துநாலு வயது சின்னப் பெண். அந்த வயதில் நான் வேலைக்குப் போய்க் குடும்பத்தைத் தாங்கிக்கொண்டிருந்தேன், என்னை யாரும் சின்னப் பெண் என்று சொல்லி விட்டுக்கொடுத்தது கிடையாது.

பதில் தாமதமாகத்தான் வருகிறது. என் நம்பரைத் தடுத்து வைத்திருக்கிறாய், அப்பா கூப்பிட்டால் ‘நீங்க அவங்க பக்கம்’ என்று பட்டென்று வைத்துவிடுகிறாய், அதனால் காகிதம்தான் வழி. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன், கோபத்தில் எழுதியது வேண்டாமே என்று. இதுவும் கோபத்தில் எழுதுவதுதான், கிழிக்க நேரமில்லை. வியாழக்கிழமை டெய்லர் வருகிறார், அந்த ‘ஒட்டு’ முந்தானையை வெட்டி எடுத்துவிட்டுப் புது முந்தானை வைக்கப் போகிறோம் என்று நீ சொன்ன பிறகு எனக்கு உட்காரவும் முடியவில்லை நிற்கவும் முடியவில்லை. என் மேல் பழி போடு, போட்டுக்கொண்டே இரு, எனக்கு அது பழகிவிட்டது. அந்தச் சேலையில் மட்டும் கத்தரி வைக்காதே. இந்தக் கடிதத்தில் வேறு எதையும் நீ படிக்காமல் போனாலும் இந்த ஒரு வரியைப் படி.

முதலில் உன் வருங்கால மாமியாரின் சிநேகிதி, சேலைக் கடை வைத்திருக்கிறாரே, அவரைப் பற்றி. நீ அப்பாவுக்கு அனுப்பிய படத்தில் உன் அம்மாவின் சேலை மேல் ஒரு பூதக்கண்ணாடியும், பூதக்கண்ணாடிக்குப் பின்னால் அவருடைய ஒற்றைக் கண்ணும் தெரிகின்றன. அன்றிலிருந்து இந்த வீட்டில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்றுதான் பெயர். அப்பாகூடச் சிரித்துவிட்டார், பிறகு என்னைப் பார்த்து அடக்கிக்கொண்டார். நான் கல்லூரியில் நெசவு படித்தவள், படித்து முடித்துக் கூட்டுறவுச் சேலைக் கடையில் தரம் பார்த்து முத்திரை குத்துகிற வேலையில் இருந்தவள், சின்னவள் பிறந்த பிறகுதான் விட்டேன். இதெல்லாம் உனக்குத் தெரியும். தெரிந்தும் சேலையைப் பற்றி ஒரு சந்தேகம் வந்தபோது என்னைக் கேட்காமல் ஊரான் வீட்டுக் கண்ணாடியைக் கேட்டிருக்கிறாய். கேட்டால் நான் பொய் சொல்வேன் என்று நினைத்திருப்பாய். சரி, உன் அம்மாவின் மூன்று சேலைகளைப் பற்றியும் அந்த அம்மாள் சொன்னதற்குப் பதில் சொல்கிறேன், கேட்டுக்கொள்.

அந்தச் சிவப்பும் பச்சையுமான பட்டோலா அச்சடித்த துணியாம், சாயம் கசிந்து பூவெல்லாம் ஓரம் மங்கிவிட்டதாம், உள்பக்கம் எது வெளிப்பக்கம் எது என்றே தெரியவில்லையாம். தெரியாதுதான், ஏனென்றால் அந்தச் சேலைக்கு உள்பக்கமே கிடையாது. அச்சடித்த துணியாக இருந்தால் திருப்பிப் பார்த்ததும் வெளுத்துத் தெரிந்திருக்கும். மேற்கே அதை நெய்கிறவர்கள் தறியில் ஏற்றும் முன்பே நீளத்துக்கு ஓடுகிற பாவு நூலையும் குறுக்கே ஓடுகிற ஊடை நூலையும் கட்டிக் கட்டிச் சாயம் தோய்த்துவிடுவார்கள், பாவில் வருகிற சிவப்பும் ஊடையில் வருகிற சிவப்பும் ஒன்றன்மேல் ஒன்று சரியாக வந்து உட்கார்ந்தால்தான் பூ. ஒரு மயிரிழை நகர்ந்தால் ஓரம் புகை மாதிரி தெரியும். அந்தப் புகையைப் பார்த்துத்தான் நாங்கள் முத்திரை குத்துவோம். அந்த அம்மாள் அதைப் பார்த்துத்தான் தள்ளுபடி விலை சொல்லியிருக்கிறார். அவர் கடையில் வாங்குகிறவர்களை நினைத்தால்தான் எனக்குப் பாவமாக இருக்கிறது.

அந்த ஜம்தானிச் சேலையைப் பற்றி எழுதவே கை வரவில்லை. பின்பக்கம் நூல் நூலாகத் தொங்குகிறது, பூச்சி அரித்திருக்கிறது, ‘அவங்க பாத்துக்கிட்ட லட்சணம்’ என்று சொல்லிவிட்டு, நானே நகவெட்டிக் கத்தரியால் எல்லாப் பிசிறையும் வெட்டிச் சுத்தம் பண்ணிவிட்டேன் என்று பெருமையாகச் சொல்கிறாய். பெண்ணே, கிழக்கே அதை நெய்கிறவர் ஒவ்வொரு பூவுக்கும் தனியாக ஒரு நூலைக் கையால் கோத்து, பாவுக்குள் விட்டு எடுத்துப் பூவை உட்கார வைக்கிறார். ஒரு பூவிலிருந்து அடுத்த பூவுக்கு அந்த நூல் பின்பக்கமாக நடந்து போகும். நீ வெட்டியது பிசிறு இல்லை, பூவின் வால். ஒட்ட வெட்டியிருந்தால் உடுத்த உடுத்தப் பூ பிரிந்துகொண்டே வரும். இனி அதைத் துவைக்காதே, உதறாதே, தலையணை உறைக்குள் போட்டுத் தட்டையாக வை. நீ இங்கே வரும்போது வெள்ளை நூலும் ஊசியும் வைத்துக்கொண்டு உட்கார்ந்து என்னால் ஆனதைச் செய்து தருகிறேன். நீ வருவதாக இருந்தால்.

இனி கல்யாணச் சேலை. முந்தானை தொடங்குகிற இடத்தில் குறுக்கே தடிப்பாக இருக்கிறது, பின்பக்கம் திருப்பினால் வெட்டுப்பட்ட நூல் முனைகள் வரிசையாக நிற்கின்றன, அதனால் யாரோ பழைய முந்தானையை வெட்டி எடுத்துக்கொண்டு வேறு சேலையின் முந்தானையைச் சேர்த்திருக்கிறார்கள் என்று பூதக்கண்ணாடி கண்டுபிடித்துவிட்டது. அந்த யாரோ நான்தான் என்று சொல்ல உனக்குக் கண்ணாடிகூடத் தேவைப்படவில்லை. ‘சரிகைய உருக்கி வித்திருப்பா’ என்று பின்னால் ஒரு குரல் கேட்டதே, அது மாமியாரா சிநேகிதியா? யாராக இருந்தாலும் நீ வாயை மூடு என்று சொல்லவில்லை, அதை நான் குறித்துக்கொண்டேன்.

இப்போது நான் சொல்வதைப் பகல் வெளிச்சத்தில் சேலையை மடியில் போட்டுக்கொண்டு படி. உன் அம்மாவின் சேலை உடல் மாம்பழ நிறம், கரையும் முந்தானையும் கருநீலம். கரையைப் பார், அந்த நீலத்துக்குள் ஒரு இழை மஞ்சள்கூடக் கலந்திருக்காது. ஊடை நூலை இழுத்துக்கொண்டு உடலுக்கு ஓடுகிற நாடா கரைக்குள் போகாது, கரைக்குத் தனி நாடா, எல்லையில் இரண்டு நூலும் ஒன்றையொன்று கோத்துக்கொண்டு திரும்பும், அதுதான் கோர்வை. முந்தானை இன்னும் கஷ்டம். அங்கே நிறம் மாற வேண்டுமென்றால் ஊடையை மாற்றினால் மட்டும் போதாது, பாவையே மாற்றியாக வேண்டும். தறியில் இருக்கிற மஞ்சள் பாவு நூல் ஒவ்வொன்றோடும் நீல நூல் ஒவ்வொன்றாகப் பிணைப்பார்கள், ஆயிரக்கணக்கில். கொஞ்ச தூரம் இரண்டையும் சேர்த்து நெய்துவிட்டு மஞ்சளை அறுத்துவிடுவார்கள். இரண்டு நூல் சேர்ந்து ஓடுகிற இடம் தடிக்காமல் என்ன செய்யும், அறுத்த நூலுக்கு முனை இல்லாமல் எங்கே போகும்? நெசவாளர்கள் இதைப் பிட்னி என்பார்கள். விசைத்தறியில் இந்த வேலைக்கு யாரும் மெனக்கெட மாட்டார்கள், பாவு அப்படியே ஓடும், ஊடையை மட்டும் மாற்றுவார்கள், முந்தானையில் உடல் நிறம் கலந்து மங்கலாகத் தெரியும், தொட்டால் வழுவழு என்று இருக்கும். கடையில் நான் எடுத்தவுடன் தடவிப் பார்ப்பது அந்த இடத்தைத்தான், தடிப்பு இருந்தால் கைத்தறி, இல்லாவிட்டால் திருப்பி அனுப்பு. உன் அம்மாவின் சேலை அசல் என்பதற்கு இருக்கிற ஒரே சாட்சியை நீங்கள் எல்லோரும் சேர்ந்து வியாழக்கிழமை வெட்டி எறியப் போகிறீர்கள். வெட்டிவிட்டால் அதை ஒட்ட யாராலும் முடியாது, நெய்தவரே வந்தாலும் முடியாது.

நான் வெட்டினேனாம். இந்த வீட்டுக்கு வந்த நாளிலிருந்து உன் அம்மாவின் சேலைகள் இருந்த அந்த பீரோவுக்கு நான் காவல். உன் அத்தை வரும்போதெல்லாம் கைகால் கழுவக்கூடப் போகாமல் நேராக பீரோவைத் திறந்து எண்ணிவிட்டு, ‘எல்லாம் இருக்கு’ என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுத்தான் காபி குடிப்பார், எனக்குக் கேட்க வேண்டும் என்றே உரக்கச் சொல்வார். ஒரே மடிப்பில் கிடந்தால் பட்டு மடிப்போடு விட்டுப்போகும் என்று சில மாதத்துக்கு ஒரு தடவை எல்லாவற்றையும் பிரித்து நிழலில் காற்றாட விட்டு மடிப்பை மாற்றி மடித்தேன். மழைக்காலத்தில் அந்தச் சுவர் ஓதம் ஏறுகிறது என்று, சின்னவள் வயிற்றில் இருக்கும்போது பீரோவைத் தனியாக நகர்த்தி டாக்டரிடம் திட்டு வாங்கினேன். ஒன்றையாவது கண்ணாடி முன்னால் நின்று தோளில் போட்டுப் பார்த்திருப்பேனா? ஆசை இல்லை என்று சொல்ல மாட்டேன், அந்த மாம்பழ நிறத்தைப் பார்த்தால் யாருக்கும் ஆசை வரும். போடவில்லை. உனக்கு அனுப்பும்போது ஒவ்வொன்றையும் பழைய வேட்டித் துணியில் சுற்றி, எப்படி வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஒரு தாளும் எழுதி வைத்தேன். படித்திருந்தால் ஜம்தானி பிழைத்திருக்கும்.

உன் மேல் எனக்கு இருக்கிற கோபம் தீர நாளாகும். பத்து வயதுதான் எனக்கும் உனக்கும் வித்தியாசம், நான் உனக்கு அம்மாவாக நடிக்கவில்லை, நீயும் கேட்கவில்லை. ஆனால் உனக்குக் காய்ச்சல் வந்தால் அப்பா தூங்கிவிடுவார், நான் தூங்க மாட்டேன், இப்போதும் அங்கே குளிர் என்று செய்தியில் சொன்னால் உன்னிடம் கம்பளி இருக்கிறதா என்றுதான் முதலில் தோன்றுகிறது, தோன்றியதும் எனக்கு என் மேலேயே எரிச்சல் வருகிறது. கடையில் வாங்கிச் சாப்பிட்டே காலத்தை ஓட்டாதே. பட்டை ஹேங்கரில் தொங்கவிடாதே. உடுத்திக்கொண்ட பிறகு சென்ட் அடிக்காதே, சரிகை கறுத்துப்போகும், அதையும் நான்தான் செய்தேன் என்பாய்.

நான் எவ்வளவு எழுதினாலும் நீ நம்ப மாட்டாய், எனக்குத் தெரியும். ‘அவங்க நல்லா பேசுவாங்க’ என்று அந்த அம்மாளிடம் படித்துக் காட்டுவாய். அதனால் இந்தக் கடிதத்தோடு ஒரு பார்சல் வருகிறது. அப்பாவின் அலுவலக நண்பர் செவ்வாய்க்கிழமை அங்கே இறங்குகிறார், உன் கையில்தான் கொடுக்க வேண்டும் என்று சொல்லியிருக்கிறேன். உள்ளே இருப்பது என் கல்யாணச் சேலை. பெரிய கல்யாணம் இல்லை, பதிவு அலுவலகத்தில் நடந்தது, நீ வாசலிலேயே நின்றுகொண்டிருந்தாய், அதனால் சேலை உனக்கு ஞாபகம் இருக்காது. இதுவும் கோர்வைதான், இதிலும் பிட்னி, இதை நான் கையில் வாங்கிய அன்றே தடவிப் பார்த்தேன். டெய்லர் வந்ததும் முதலில் இதைக் கொடு. அந்தத் தடிப்பின் மேலேயே கத்தரி வைத்து வெட்டச் சொல், பூதக்கண்ணாடியைப் பக்கத்தில் உட்கார வைத்துக்கொள். வெட்டிய இடத்தை இழை இழையாகப் பிரித்துப் பாருங்கள். தைத்த நூல் ஒன்றே ஒன்று கிடைத்தாலும் உன் அம்மாவின் முந்தானையை நான்தான் வெட்டினேன் என்று ஊருக்கெல்லாம் சொல்லிக்கொள், நான் வாய் திறக்க மாட்டேன். கிடைக்காவிட்டால் உன் அம்மாவின் சேலையைச் சுற்றி வைத்துவிட்டுக் கல்யாணத்தன்று அப்படியே கட்டிக்கொள். என்னைக் கூப்பிடக்கூட வேண்டாம், அப்பாவுக்கு ஒரு படம் அனுப்பு, அவர் எப்படியும் மேஜையில் வைத்துத்தான் பார்ப்பார்.

நீயும் அந்தப் பையனும் நோய்நொடி இல்லாமல், ஒருவர் பேச்சை ஒருவர் கேட்டு, நிறைவாக வாழ வேண்டும். பல்லைக் கடித்துக்கொண்டு எழுதுகிறேன் என்றாலும் மனசார எழுதுகிறேன். செவ்வாய்க்கிழமை வீட்டில் இரு, நண்பர் வந்து பூட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடப் போகிறார். அப்புறம், என் சேலையை வெட்டிய பிறகு துண்டுகளைக் குப்பையில் போட்டுவிடாதே, நல்ல பட்டு, சின்னவளுக்கு இரண்டு சட்டைக்குத் தாராளமாக வரும், கொடுத்தனுப்பு.

இப்படிக்கு,
சித்தி