உச்சிப் பாறைத் தேயிலை

கிரீட் தீவு, ஜூலை, ஞாயிறு மாலை

என் பிடிவாதக்காரனுக்கு,

நேரில் கேட்டால் பேச்சை மாற்றிவிடுவாய். அதனால்தான் நர்ஸிடம் கடிதம் கொடுத்தனுப்புகிறேன்.

நீ ஆஸ்பத்திரியில் இருப்பதால் உன் நாய் மாவ்ரோவை இன்று நான் மலைக்குக் கூட்டிப்போனேன். இரண்டாவது வளைவில் ஸ்திராத்திஸின் ஆட்டுப்பட்டி வந்ததும் நாய் அங்கிருந்த பெஞ்சுக்கடியில் போய்ப் படுத்துவிட்டது. இழுத்தேன், கெஞ்சினேன், திட்டினேன். அசையவில்லை.

ஸ்திராத்திஸ் சிரித்தான். "இதுக்கு மேல அதுக்கு வழி தெரியாது தங்கச்சி. ரெண்டு வருஷமா உன் வீட்டுக்காரர் இங்கதான் உக்காந்து கடலைப் பாக்குறாரு. கிளம்பும்போது எங்கிட்ட ஒரு கட்டு மலைத் தேயிலை வாங்கிட்டுப் போவாரு."

எனக்கு ஒன்றும் புரியவில்லை. உச்சிப் பாறையில் மட்டும் முளைக்கிற செடியல்லவா அது? வாராவாரம் மேசையில் கொண்டுவந்து போடுவாய். "இந்த வயசுலயும் ஏறுறான் பாரு" என்று நானும் தெருவெல்லாம் பீற்றிக்கொள்வேன். யாருக்காக இந்த நாடகம், எனக்காகவா? கோபப்படுவதா அழுவதா என்றே தெரியவில்லை.

வியாழக்கிழமை டாக்டர், "ஏறினா மூச்சு வாங்குமா?" என்று உன்னைத்தான் கேட்டார். "வாராவாரம் மலை ஏறுற மனுஷன் டாக்டர்!" என்று முந்திக்கொண்டவள் நான். நீ ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாய்.

நாயை அங்கேயே விட்டுவிட்டு நான் உச்சிவரை போய்வந்தேன். இந்தக் கடிதத்தோடு அனுப்பும் பிளாஸ்கில் இருக்கும் தேநீர் என் கையால் பறித்த இலையில் போட்டது. குடித்துவிட்டுச் சொல்: நாளைக்கு டாக்டரிடம் நீ சொல்கிறாயா, நான் சொல்லட்டுமா?

உன் வாயாடி