பாத்துக்கலாமுங்க

2025 ஜூன் 11, புதன்

பீளமேட்டில் லட்சுமணசாமி சார் வீட்டுச் சமையலறையில் ஓவன் மாட்டும் வேலை. மருமகள் பூஜிதா கேக் செய்து பழகுகிறாள். அவளுக்காக மாமியார் ராமாமணி அம்மா ஆசையாக வாங்கியது. மூவாயிரம் வாட்ஸ். மிக்சி ஓடும் பிளக்கில் அதைச் சொருகவா முடியும்? மெயின் போர்டிலிருந்து தனியாக நாலு எம்எம் ஒயர் இழுத்து, இருபது ஆம்ப்ஸ் எம்சிபி சுவிட்ச் போட்டேன். அதுவரைக்கும் வேலை சுத்தம்.

கடைசியில் எர்த் பார்த்தேன். கரண்ட் வரும் பேஸ் ஒயருக்கும் எர்த்துக்கும் நடுவே டெஸ்ட் லேம்ப் வைத்தால் பளிச்சென்று எரிய வேண்டும். மினுக் மினுக் என்றது. கொல்லையில் எர்த் குழி காய்ந்து கிடக்கிறது. கரண்ட் கசிந்தால் தானாக விழும் ஆர்சிசிபியும் அந்த வீட்டில் இல்லை.

"எர்த் கொஞ்சம் சரியில்லீங்கம்மா" என்றேன்.

அம்மாவின் முகம் வாடிப்போனது. "ஏனுங்க பாய், ஞாயித்துக்கெழம வம்சிக்குப் பொறந்தநாளுங்க. புருசனுக்குக் கேக் செய்யோணும்னு இவ ஆசையா இருக்கறா. ஓவனப் போட்டுக்கலாமுங்களா?"

அந்த நேரம் பார்த்து கணபதி லேத் பட்டறையிலிருந்து போன். மோட்டார் நின்றுவிட்டதாம். "பாத்துக்கலாமுங்க" என்று சொல்லிக் கிளம்பிவிட்டேன். சனிக்கிழமை வந்து புதுக் குழி தோண்டியபிறகு போடலாம் என்று மனசுக்குள் கணக்கு.

ஜூன் 14, சனி

பட்டறை வேலை இழுத்துக்கொண்டே போகிறது. பீளமேட்டுக்குத் திங்கள் போகலாம்.

ஜூன் 15, ஞாயிறு

பூஜிதா போய்விட்டாள். அந்த ஓவனில்தான், ஷாக் அடித்து. யா அல்லாஹ்.

ஜூன் 16, திங்கள்

போனேன். குழி தோண்டப் போக வேண்டிய நாளில் துக்கத்துக்குப் போனேன்.

பூஜிதாவின் ஒரு கை ஓவன் கைப்பிடியில், ஒரு கை சிங்க் குழாயில் இருந்ததாம். காலை பதினொரு மணி. போலீஸ் வந்து, ஓவனில் கோளாறு என்று எழுதிக்கொண்டு போனார்களாம். உள்ளே சூடேறும் சுருள் ஈரம் வாங்கிக் கரண்ட் கசிந்திருக்கும். கசியத்தான் செய்யும். அதற்குத்தானே எர்த்.

ராமாமணி அம்மா என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "எர்த் சரியில்லைன்னு நீங்க சொன்னீங்க பாய். பாத்துக்கலாம்னதை நாந்தான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். போடு கண்ணுன்னு நாந்தான் அவகிட்டச் சொன்னேன். புள்ளையக் கொன்னுபோட்டேன்."

கூட்டமே என்னைப் பார்த்தது. நான் தரையைப் பார்த்தேன்.

ஜூன் 18, புதன்

தூக்கம் இல்லை. அந்த வார்த்தைக்கு என்ன அர்த்தம்? நம்மூரில் முடியாது என்று யார் முகத்துக்கு நேரே சொல்கிறோம்? பொண்ணு பிடிக்கவில்லை என்றாலும் பாத்துக்கலாமுங்க. கவலைப்படாதீங்க, நான் இருக்கிறேன் என்பதற்கும் அதேதான். அந்த அம்மா அதைச் சரி என்று எடுத்துக்கொண்டதில் ஒரு தப்பும் இல்லை.

வேண்டாம் என்று சொல்ல வாய் வரவில்லை, சரி. கையுமா வரவில்லை? எம்சிபியை இறக்கி ஒயரைக் கழற்ற ரெண்டு நிமிசம். ரெண்டே நிமிசம்டா பரீத்.

ஜூன் 21, சனி

ராமாமணி அம்மா சோறு தண்ணி இல்லாமல் கிடக்கிறாராம். காபி மட்டும்தானாம். வீட்டுக்காரி சாஜிதாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். "போலீசே ஓவன்னு எழுதிட்டாங்க. நீங்களா போய் எதுக்குங்க தலையக் குடுக்கறீங்க?" என்றாள். சத்தம் போட்டுவிட்டேன். பாவம், அவள் பயம் அவளுக்கு. எனக்கும் பயம்தான். முப்பது வருசத் தொழில். நாளைக்கு எவன் வீட்டுக்குள்ள விடுவான்?

ஜூன் 24, செவ்வாய்

சொல்லிவிட்டேன்.

ஹாலில் லட்சுமணசாமி சார், அம்மா, வம்சி. நின்றுகொண்டே சொன்னேன். "நீங்க தப்பாப் புரிஞ்சுக்கலீங்கம்மா. போடக்கூடாதுன்னு நான் சொல்லவேயில்லீங்க. தெரிஞ்சும் ஒயரக் கழட்டாம உட்டுட்டுப் போயிட்டேன். சனிக்கெழம வந்திருக்கோணும், அதுவும் வரலீங்க. தப்பு என்னுதுங்க."

வம்சி எழுந்து உள்ளே போய்விட்டான். அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். "அப்ப நான் புரிஞ்சுக்கிட்டது சரிதானுங்களா?"

"சரிதானுங்கம்மா."

சார் வாசல் வரை வந்தார். அடிப்பார் என்று நினைத்தேன், அடித்திருந்தால் தேவலை. கேட்டைத் திறந்து பிடித்துக்கொண்டு, மெல்ல, மரியாதையாகச் சொன்னார்: "நீங்க போங்க பாய். பாத்துக்கலாமுங்க."

ஜூன் 25, புதன்

எதைப் பார்த்துக்கொள்வார்? வேலைக்குப் போகவில்லை.

ஜூன் 28, சனி

வம்சி போன் செய்தான். "அப்பா ஸ்டேஷன்ல உங்க பேர எழுதிக் குடுத்துட்டாருங்க." பிறகு சொன்னான்: "அம்மா இன்னைக்கு ரெண்டு வாய் ரசஞ்சோறு சாப்பிட்டாங்க." வைத்துவிட்டான்.

பின்னாலேயே ஸ்டேஷனிலிருந்தும் போன். திங்கள் காலை பத்து மணிக்கு வர முடியுமா என்று கேட்டார்கள். நாக்கு நுனி வரைக்கும் அதே வார்த்தை வந்தது.

"வாரேனுங்க" என்றேன்.